வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறீர்களா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்துவிட்டால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "இந்த ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போகலாமா, பறவை வந்துடுச்சா?" சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், பக்கத்து பிளாக் மாமி என்று வருடத்துக்கு வருடம் ஆள் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதியது இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எந்த மாசம் போனா பறவை நிறைய இருக்கும்?

ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் ஜனவரி. நவம்பரிலிருந்து மார்ச் வரை எப்போது போனாலும் பறவை உண்டு, ஆனால் பார்க்கக் கிடைப்பது மாதத்துக்கு மாதம் வேறு. நவம்பரில் வந்து இறங்கி, இடம் பிடித்து, குச்சி சேர்க்கும். டிசம்பரில் முட்டையும் அடைகாப்பும். ஜனவரி, பிப்ரவரியில் கூட்டுக்குக் கூடு குஞ்சுகள், ஓயாத சத்தம். மார்ச்சில் இளம் பறவைகள் கிளையிலிருந்து கிளைக்குத் தாவிப் பறந்து பழகும். அப்புறம் ஒவ்வொரு இனமாகக் கிளம்பிவிடும்.

எல்லா இனமும் ஒரே நாளில் வந்துவிடாது. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா (இரவில் இரை தேடும் கொக்கு வகை) எல்லாம் முன்னாலேயே வந்துவிடும். மஞ்சள் மூக்கு நாரை பெரும்பாலும் கடைசி. நவம்பரில் போய்விட்டு "மஞ்சள் மூக்கையே காணோம்" என்று வருத்தப்பட வேண்டாம்.

போன வருஷம் ஜனவரியில போனோம், ஏரியே காஞ்சு கிடந்ததே?

காலண்டரை மட்டும் பார்த்துப் போனால் அப்படித்தான் ஆகும். வேடந்தாங்கல் மழையை நம்பியிருக்கும் பாசன ஏரி. சுமார் 30 ஹெக்டேர், நம் கணக்கில் 74 ஏக்கர். வடகிழக்குப் பருவமழை வந்தால்தான் நிரம்பும். மரத்தின் அடியில் தண்ணீர் நின்றால்தான் பறவை கூடு கட்டும். தண்ணீர் இல்லாத மரத்தில் பூனை, பாம்பு எது வேண்டுமானாலும் ஏறிவிடும் என்பது பறவைக்குத் தெரியும். 2016இல் பருவமழை மோசமாகப் பொய்த்ததே, அந்த மாதிரி வருடத்தில் ஜனவரியே வந்தாலும் பிரயோசனம் இல்லை.

அதனால் நான் பார்ப்பது தேதியை அல்ல, செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து மழைச் செய்தியை. நவம்பரில் மதுராந்தகம் ஏரி நிரம்பியது என்று செய்தி வந்தால் தைரியமாக லீவு போடலாம்.

சென்னையிலேர்ந்து எப்படிப் போறது?

சுமார் 75 முதல் 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து கிராமத்துச் சாலைதான், இரண்டு பக்கமும் வயல். இந்த வழியில் காரை வேகமாக விடாதீர்கள். ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன். பஸ்ஸில் வருபவர்கள் செங்கல்பட்டு வந்து மாறலாம். ரயில் என்றால் மதுராந்தகமோ படாளமோ இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். திரும்பி வர வண்டி கிடைக்குமா என்பதைப் போகும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள், இருட்டிய பிறகு அந்தச் சாலையில் நின்று தவித்த அனுபவம் எனக்கு உண்டு.

காலையில போகணுமா, சாயந்திரம் போகணுமா?

சாயந்திரம். நாலு மணிக்கு உள்ளே போய், வெளியே அனுப்பும்வரை கரையிலேயே இருங்கள். முடிந்தால் விடியற்காலையிலும் ஒரு முறை. பகல் 11 மணிக்குப் போய் இறங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு.

காரணம் இதுதான்: இந்தப் பறவைகளுக்கு வேடந்தாங்கல் வீடு, சாப்பாட்டுக் கடை அல்ல. 74 ஏக்கர் ஏரியில் இத்தனை ஆயிரம் பறவைக்கும் குஞ்சுக்கும் மீன் எங்கே இருக்கும்? அவை இரை தேடுவது சுற்று வட்டாரத்து ஏரிகளிலும் நெல் வயல்களிலும்தான். காலையில் வெளியே போய் மாலையில் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். ஐந்து மணிக்கு மேல் மேற்கு வானத்தைப் பாருங்கள். முதலில் கொசுக் கூட்டம் மாதிரி புள்ளிகள். கொஞ்ச நேரத்தில் அதுவே வளைந்த கழுத்தும் நீட்டிய காலுமாகத் தெரியும். தலைக்கு மேலே வந்ததும் இறக்கை காற்றை அறுக்கும் சத்தம் கேட்கும். எல்லாம் வீடு திரும்பும் அதே நேரத்தில் வக்காக்கள் மட்டும் எதிர்த் திசையில் கிளம்பும். அவை நைட் ஷிப்ட்.

படாளத்திலிருந்து மெதுவாகப் போகச் சொன்னதும் இதனால்தான். வழியில் இருக்கும் வயலிலும் குட்டையிலும் பத்தடி தூரத்தில் நத்தைகுத்தி நாரை நின்றுகொண்டிருக்கும். சரணாலயத்துக்குள்கூட அவ்வளவு கிட்டத்தில் கிடைக்காது.

பைனாகுலர் கட்டாயமா? எது வாங்கறது?

கட்டாயம்தான். கரையில் நாம், ஏரிக்குள் மரங்கள், நடுவில் தண்ணீர். வெறும் கண்ணுக்கு மரம் முழுக்க வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரிதான் தெரியும். வாசல் பக்கம் வாடகைக்குக் கிடைப்பதுண்டு, ஆனால் கூட்ட நாளில் தீர்ந்துவிடும், கிடைத்தாலும் கண்ணாடி தெளிவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வாங்குவதானால் 8x42 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். "20 மடங்கு, 50 மடங்கு" என்று மலிவாக விற்பதைத் தொடாதீர்கள். கை ஆடும் ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு ஒன்று போதாது, இரண்டு பேருக்கு ஒன்றாவது வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் சண்டையைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

எனக்கு எல்லாமே கொக்கு மாதிரிதான் தெரியுது. எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

நிறத்தை விடுங்கள், மூக்கைப் பாருங்கள். வேடந்தாங்கலில் மூக்கைப் பார்த்தே முக்கால்வாசிப் பெயரைச் சொல்லிவிடலாம்.

அலகை மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு சந்து தெரிந்தால் அது நத்தைகுத்தி நாரை. பாக்குவெட்டி மாதிரி இருக்கும். அந்தச் சந்தில் வைத்து நத்தையை நொறுக்குகிறது என்றுதான் ரொம்பப் பேர் சொல்வார்கள், அப்படி இல்லை. கீழ் அலகின் கூர்முனையை ஓட்டுக்குள் விட்டு, ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுக்கும். குஞ்சுகளுக்கு இந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும். அலகு அகப்பை மாதிரித் தட்டையாக இருந்தால் கரண்டிவாயன். தண்ணீரில் தலையை இடமும் வலமும் ஆட்டி, பெருக்குவது போல மேயும். அரிவாள் மாதிரி கீழ்நோக்கி வளைந்து, தலையும் கழுத்தும் கறுப்பாக, உடம்பு வெள்ளையாக இருந்தால் வெள்ளை அரிவாள்மூக்கன். அலகின் கீழே பை தொங்கினால் கூழைக்கடா. பறக்கும்போது அந்தக் கனத்த உடம்பா இது என்று தோன்றும், அவ்வளவு சாவகாசமாக வட்டமிடும்.

மஞ்சள் மூக்கு நாரைக்கு விளக்கமே வேண்டாம், பெயரே சொல்லிவிடும். அதன் வால் பக்கம் ரோஜா நிறத்தில் சில இறகுகள் இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். கறுப்பாக இருப்பவற்றில் இரண்டு வகை: கட்டையாக, அலகு நுனி கொக்கி போல வளைந்திருந்தால் நீர்க்காகம். கழுத்து நீண்டு, அலகு ஈட்டி போல நேராக இருந்தால் பாம்புத்தாரா. உடம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டுக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும்போது, பாம்பு என்று நினைத்துப் பலர் கத்தியிருக்கிறார்கள். இவை இரண்டும் இறக்கையை விரித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பது போஸ் கொடுக்க அல்ல, நனைந்த இறகைக் காயவைக்க.

இதெல்லாம் ஆஸ்திரேலியா, சைபீரியாவிலேர்ந்து குஞ்சு பொரிக்க வருதாமே?

பத்திரிகை, டி.வி., ஸ்கூல் வாத்தியார் எல்லாரும் சொல்வதுதான். தப்பு. இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுதலாம் என்று தோன்றியது.

இங்கே கூடு கட்டும் பறவைகள் (முந்தைய பதிலில் சொன்ன அத்தனையும்) நம் நாட்டுப் பறவைகள். மழைக்கும் தண்ணீருக்கும் ஏற்ப ஊர் மாறும், இந்தியாவுக்குள் நீண்ட தூரம் போகும், சில அண்டை நாடுகளிலும் இருக்கும். ஆனால் குஞ்சு பொரிப்பது நம் மண்ணில், நம் மழைக்காலத்தை நம்பி. உண்மையான வெளிநாட்டு விருந்தாளிகள் வேறு: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்ற வாத்துகள், சில உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் சின்னப் பறவைகள்). வடக்கே ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தில் இரைக்காக மட்டும் இங்கே வருபவை. அவை இங்கே கூடு கட்டுவதே இல்லை. மார்ச், ஏப்ரலில் சத்தமில்லாமல் திரும்பிவிடும்.

நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி: மரத்தில் இருப்பவர் வீட்டுக்காரர், தண்ணீரில் மிதக்கும் வாத்து பெரும்பாலும் விருந்தாளி. தண்ணீரில் இருக்கும் முக்குளிப்பானும் நாமக்கோழியும் இந்தக் கணக்கில் சேராது, அவற்றை விட்டுவிடுங்கள்.

சுத்தி எத்தனையோ ஏரி இருக்கே, இந்த ஏரிக்கு மட்டும் ஏன் வருது?

ஒன்று மரம். ஏரிக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. சீமைக்கருவேலம் அல்ல, நம் கருவேலம். நீர்க்கடம்பு மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாது. இரண்டு, சுற்றிலும் இரைக்கு ஏரியும் வயலும். மூன்றாவதுதான் முக்கியம், ஊர்க்காரர்கள்.

கதை பழையது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். செங்கல்பட்டுப் பகுதி கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்குக் கொடுத்து 1798இல் ஒரு கவுல் (உரிமைப் பத்திரம்) எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. சரணாலயம் என்ற பெயர் 1936இல் வந்தது, அதாவது அரசாங்கத்துக்கு முன்னாலேயே ஊர் காவல் காத்திருக்கிறது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது. இந்த பிளேஸ் துரைதான் மதுராந்தகம் 'ஏரி காத்த ராமர்' கதையில் வருபவரும். உடையப்போன ஏரிக்கரையில் வில்லும் அம்புமாக இரண்டு பேர் காவல் நின்றதைப் பார்த்தாராம். ஒரே துரைக்கு ஏரியும் பறவையும் இரண்டு கதை.

பெயருக்கு 'வேடன் தங்கிய இடம்' என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் சென்னையில் இருக்கும் பழவந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் தாங்கல் என்றாலே சின்ன ஏரிதான்.

பறவை எச்சம் விழுந்த தண்ணி கெட்டுப் போகாதா? ஊர்க்காரங்க எப்படிச் சகிச்சுக்கறாங்க?

நாற்றம் அடிக்கும், பிப்ரவரியில் நன்றாகவே அடிக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் குடிக்க அல்ல, பாசனத்துக்கு. எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் இருப்பதால் மடை வழியே உரமும் சேர்ந்தே வயலுக்குப் போகிறது. பறவையை விரட்டாமல் இருந்ததில் பாசம் பாதி என்றால் விவசாயக் கணக்கு பாதி. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

அங்க தீபாவளிக்கு பட்டாசு வெடிக்க மாட்டாங்களாமே, நிஜமா?

நிஜம். பறவை வந்து இறங்கும் சமயத்தில்தானே தீபாவளி வருகிறது. வேடந்தாங்கல் மட்டும் இல்லை, திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும், சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் அதே வழக்கம். கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும்.

ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் போகவே கூடாதா?

வேடந்தாங்கலுக்கு வேண்டாம். முதன்முதலில் நான் போனது ஒரு ஜூலை மாதம், யாரையும் கேட்காமல். வெடித்த தரையும் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும்தான் பார்த்தேன். இப்போது போனால் அவ்வளவு ஏமாற மாட்டேன், கருவேல மரத்தில் கரிச்சானும் மின்கம்பியில் பனங்காடையும் எப்போதும் உண்டு, மழை ஆரம்பித்துவிட்டால் தூக்கணாங்குருவி கூடு பின்னுவதைப் பார்க்கலாம். ஆனால் அதற்கு 80 கிலோமீட்டர் வர வேண்டியதில்லை, உங்கள் ஊர் வயல்வெளியே போதும். சென்னைக்காரர்கள் மார்ச், ஏப்ரலில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகலாம். தண்ணீர் இறங்க இறங்கச் சேற்றில் இரை தேடும் பறவைகள் கூடும், பூநாரை கிடைத்தாலும் கிடைக்கும்.

கரிக்கிலி கரிக்கிலின்னு சொல்றீங்களே, அதுவும் பார்க்கணுமா?

நேரம் இருந்தால் கட்டாயம். அதுவும் ஒரு பறவைகள் சரணாலயம், வேடந்தாங்கலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். அதுவும் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மரத்தைவிட ஆழம் குறைந்த திறந்த தண்ணீர் அதிகம், அதனால் நான் மேலே சொன்ன விருந்தாளி வாத்துகளுக்கு அதுதான் நல்ல இடம். கூட்டம் இருக்காது, கடையும் இருக்காது. காலையில் கரிக்கிலி, மத்தியானம் மதுராந்தகத்தில் சாப்பாடு, சாயந்திரம் வேடந்தாங்கல். என் வழக்கமான நாள் இதுதான்.

பாட்டி, சின்னப் பசங்க எல்லாம் வரலாமா?

தாராளமாக. ஏரிக்கரை மேல் நடைபாதை, மர நிழல், உட்கார இடம் எல்லாம் உண்டு. பார்வைக் கோபுரம் படியேற வேண்டும், அதைப் பாட்டி விட்டுவிடலாம், கரையிலிருந்தே நன்றாகத் தெரியும். பொங்கல் லீவில், முக்கியமாகக் காணும் பொங்கல் அன்று மட்டும் போகாதீர்கள். அன்று பறவையைவிட மனிதத் தலைதான் அதிகம்.

சின்னப் பிள்ளைகளுக்கு "நிறைய பறவை பாரு" என்று காட்டினால் பத்து நிமிடத்தில் ஐஸ்கிரீம் கேட்பார்கள். ஒரே ஒரு கூட்டைக் காட்டி அரைமணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். போன பிப்ரவரியில் என் அக்கா மகள் அப்படிப் பார்த்தது ஒரு நத்தைகுத்தி நாரையை. வெயில் ஏறியதும் அது கூட்டின் விளிம்பில் நின்று, வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு இறக்கையையும் பாதி விரித்துத் தொங்கவிட்டது. அடியில் மூன்று குஞ்சு நிழலில். வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நின்றது. "மாமா, அது குடை பிடிக்குது" என்றாள்.

செல்போன்ல போட்டோ வருமா? ட்ரோன் விடலாமா?

செல்போனில் வானமும் கூட்டமும் வரும், பறவை வராது. 400 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் வேண்டும், கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ட்ரோன் கூடவே கூடாது. அது வனவிலங்குச் சரணாலயம். தலைக்கு மேலே ஏதோ வட்டமிட்டால் பறவைக்குப் பருந்து நினைப்புத்தான் வரும். பெரியவை பதறி எழுந்தால் முட்டை உருளும், குஞ்சு தண்ணீரில் விழும். கைதட்டிப் பறக்கவைத்துப் படம் எடுப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

கீழே விழுந்த குஞ்சைப் பார்த்தோம், காப்பாத்தாம வந்துட்டோம். தப்பா?

தப்பில்லை. இத்தனை கூடுகள் நெருக்கியடித்து இருக்கும் இடத்தில் குஞ்சு விழுவது தினமும் நடக்கும். நீங்கள் தண்ணீரில் இறங்கினால் பத்துக் கூட்டின் பெரிய பறவைகள் எழும், அந்த நேரத்துக்காகவே காகம் காத்திருக்கும். கரை ஓரத்தில் விழுந்திருந்தால் வனக் காவலரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போவது சட்டப்படிக் குற்றம்.

சரணாலயம் வேலியோட முடியுதா? அஞ்சு கிலோமீட்டர்னு ஏதோ பிரச்சினை வந்ததே?

1998 அறிவிப்பின்படி ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் வரை முழுவதும் சரணாலயம். அதில் தனியார் வயல்களும் ஊர்களும் அடக்கம். 2020இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்து பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. "ஏரியைத்தான் தொடவில்லையே" என்று அப்போது என்னிடமே சிலர் கேட்டார்கள். காலையா மாலையா என்ற கேள்விக்கு எழுதிய பதிலை இன்னொரு முறை படியுங்கள். பறவை சாப்பிடுவது எங்கே?

நான் பார்த்த பறவைகளை எழுதி வைச்சா யாருக்காவது உபயோகமா?

உபயோகம்தான். இ-பேர்ட் என்ற இணையதளத்தில் இடம், நேரம், இனம், எண்ணிக்கை போட்டால் போதும். 2015இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததை எழுத வேண்டும், மொட்டை மாடியில் நின்றுகூடச் செய்யலாம். பெயர் தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். நானும் முதல் வருடம் நீர்க்காகத்தை எல்லாம் பாம்புத்தாரா என்று எழுதி, பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.